ஒரு ஆள் குறையுது

லாக்டவுன் எல்லாம் முடிந்து, கம்பெனிகள் பழையபடி ஓடத் தொடங்கிய சமயம். எம்.கே.பி. நகரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, மாத்தூர் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலி டிரம்களைக் கழுவும் வேலை. நானும் என் தோழியும் ஒரே ஷெட்.

பல வருஷம் அங்கே வேலை செய்தும் நான் எப்போதும் புது ஆள்தான். சிரிக்காதீர்கள், நிஜம். ஒரே கான்ட்ராக்டரிடம் தொடர்ந்து இருந்தால் நிரந்தரம் கேட்டுவிடுவோமாம். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை கான்ட்ராக்டரை மாற்றிவிடுவார்கள். ஷெட் அதே, டிரம் அதே, நாங்களும் அதே. கழுத்தில் தொங்கும் அட்டை மட்டும் புதுசு. முதலீடு வருகிறது, தொழில் வளர்கிறது என்று டி.வி.யில் சொல்லும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். அந்த வளர்ச்சியில் நான் எங்கே நிற்கிறேன் என்பது அந்த ஒரு நாளில்தான் தெரிந்தது.

அன்று மாதத்தின் முதல் நாள். பழைய கான்ட்ராக்டர் முந்தின நாளோடு போய்விட்டார். புதியவருடைய சூப்பர்வைசர் இன்னும் வந்து சேரவில்லை. வேலை நிற்கக் கூடாதே, அதனால் அட்டை இல்லாமலே எங்களை உள்ளே விட்டுவிட்டார்கள். காலை டீக்குப் பிறகு, சூப்பர்வைசர் வந்துவிட்டாரா என்று பார்க்க நான் கேட்டுக்குக் கிளம்பினேன். "சீக்கிரம் வா, என்னிய மட்டும் மாட்டிவுட்டுப் போவாத" என்றாள் தோழி.

நான் கேட்டை நெருங்கும்போது சைரன் அடித்தது. அமோனியா பைப்பில் கசிவு. கண்ணும் மூக்கும் எரிந்தன.

சைரன் கேட்டால் எல்லோரும் கேட் பக்கத்து மைதானத்தில் வந்து நிற்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளர்கள் ஒரு வரிசை; அவர்களை சேஃப்டி ஆபீசர் எண்ணுவார். கான்ட்ராக்ட் ஆட்கள் தனி வரிசை. எங்களை எங்கள் சூப்பர்வைசர்தான் எண்ண வேண்டும். ஆள் குறைந்தால், மாஸ்க் போட்ட மீட்புக் குழு உள்ளே போகும். ஆபீசர் எண்ணி முடித்து, எல்லாரும் வந்தாச்சு என்று வாக்கி டாக்கியில் சொல்லிவிட்டார்.

என் தோழி வரவில்லை. டிரம்முக்குள் தலையை விட்டுக்கொண்டு பிரஷர் தண்ணீர் அடிக்கும்போது பக்கத்தில் நின்று கத்தினாலே காதில் விழாது. சைரன் எங்கே கேட்கும்?

ஓடிப்போய் ஆபீசரிடம் சொன்னேன். "உங்க சூப்பர்வைசர் கன்ஃபார்ம் பண்ணணும்மா" என்றார். இல்லாத சூப்பர்வைசர் எப்படிச் சொல்வார்? அட்டை இல்லாததால் அவள் உள்ளே வந்ததற்கே கணக்கு இல்லையாம். வெளியே போயிருப்பாள், நன்றாகப் பாருங்கள் என்றார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஒருத்தி உள்ளே இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாமல் தன் ஆட்களை அந்தப் புகைக்குள் அனுப்ப அவருக்குத் துணிச்சல் வரவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

நிரந்தர வரிசையில் பாய்லர்காரர் ஒருவர் இருந்தார். ரிட்டயராகக் கொஞ்ச காலம்தான் பாக்கி. எல்லோரும் நைனா என்று கூப்பிடுவோம். எங்களோடு அதிகம் பேசியதுகூட இல்லை. அவர் ஆபீசர் எதிரே வந்து நின்றார்.

"உன் கணக்குல நான் கீறேனா?"

"இருக்கீங்க நைனா."

"இப்ப இல்ல. ஒரு ஆள் குறையுது. ஆள அனுப்பு."

தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பிளான்ட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார். ஆபீசர் அலறினார். மீட்புக் குழு அவர் பின்னாலேயே ஓடியது. அவர்கள் பிடித்து இழுத்தபோது, "என்னிய வுடுங்கடா, டிரம் ஷெட்டாண்ட போங்க, உள்ள ஒரு பொண்ணு கீது" என்று கத்தினாராம்.

ஷெட்டின் பின்சுவர் ஓரமாக மயங்கிக் கிடந்தவளைத் தூக்கி வந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையில் கிடைத்திருக்க மாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இப்போது அவளால் மாடிப்படி ஏற முடியாது, மூச்சு வாங்கும். அவள் எங்கள் ஆள் இல்லை என்று பழைய கான்ட்ராக்டரும் சொன்னார், புதியவரும் சொன்னார். விதியை மீறியதற்காக நைனாவுக்கு மெமோ கொடுத்தார்கள்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "நான் வேலைக்கு சேந்தப்போ இங்க ஒரே வரிசைதாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு பாய்லர் பக்கம் போய்விட்டார்.

என் தோழி உயிரோடு இருக்கிறாள், அந்த நன்றி எனக்குச் சாகும்வரை இருக்கும். ஆனால் அன்றைக்கு அத்தனை பேர் மாஸ்க் மாட்டிக்கொண்டு ஓடியது நைனாவைத் தேடித்தான், அவளைத் தேடி இல்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.