பிளவுஸ்: யெஸ்

இணையத்தில் துணி வாங்குவது பெங்களூரில் இன்னும் பழகாத வருடங்கள். பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் ஆன்லைன் துணிக்கடையின் அலுவலகம். ஒவ்வொரு துணிக்கும் உரிய பக்கத்தை வடிவமைப்பது என் வேலை; அதுதான் என் முதல் வேலையும். சேலைப் பகுதி முழுவதும் நான் செய்தது.

வாங்கியவர்களில் பலர் சேலையைத் திருப்பி அனுப்பினார்கள். முதலாளி ஒரு திங்கட்கிழமை என் மேஜைக்கே வந்தார்.

“சுடிதார் போதும்மா. இந்த மாசம் ரிட்டர்ன் குறையலேன்னா சேலையைத் தூக்கிடலாம்.”

நான் பட்டியல் போட்டேன். ஊருக்குப் போக எடுத்துவைக்கும் பையில்கூட மேலே ஒரு பட்டியல் இருக்கும்; அப்படிப் பழகிவிட்டது. படம் பெரிதாக வேண்டும். வாங்கும் பொத்தான் மேலே வர வேண்டும். படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். இப்படிப் பதினொன்று. இரண்டு வாரத்தில் எல்லாவற்றுக்கும் டிக் அடித்துவிட்டேன். சேலைகள் முன்பு போலவே திரும்பி வந்தன.

கூடவே வாங்கியவர்கள் காரணம் எழுதி அனுப்பிய சீட்டுகளில் பாதிக்கு மேல் ‘பிளவுஸ் இல்லை’ என்றிருந்தது. அவற்றை ‘பேக்கிங் தவறு’ என்ற தலைப்பின் கீழ் போட்டுவிட்டு, நம் வேலை இல்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த வாரம் என் அறைத்தோழி, ஆபீஸ் விழாவுக்காக எங்கள் தளத்தில் ஒரு சேலை வாங்கினாள்.

“ஏய், பிளவுஸ் எங்கடி?” அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினாள். “உங்க பக்கத்துல ‘பிளவுஸ்: யெஸ்’னு போட்டிருக்கியே!”

மறுநாள் காலை சேலையை எடுத்துக்கொண்டு, ஆபீஸில் வாடிக்கையாளர் போனை எடுக்கும் அக்காவிடம் போனேன். பெங்களூரிலேயே, ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவர். சிரித்துக்கொண்டே கிண்டல் செய்வார்.

“அக்கா, பேக்கிங்ல பிளவுஸை விட்டுட்டாங்க.”

அவர் சேலையை உதறி, முந்தானைக்கு எதிர்முனையைப் பிடித்தார். நீலச் சேலையின் கடைசியில் கொஞ்சம் மட்டும் வெறும் பச்சை.

“இது இன்னா மேடம்?”

“டிசைன்.”

“டிசைனா! போ, நல்லா படிச்சே. இதாம்மா பிளவுஸு. வெட்டித் தைக்கணும். தினம் போன்ல இதையே சொல்லி வாய் வலிக்குது. போன் பண்ணாதவங்க ரிட்டர்ன் அனுப்பிடறாங்க.”

“ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?”

“எழுதினதே நீ. உனக்குத் தெரியாதுன்னு யாரு கண்டா? இதுவரைக்கும் எத்தினி சேல கட்டியிருக்கே?”

“ரெண்டு. ரெண்டும் அம்மாவோடது.”

இரண்டிலும் அந்த முனையை அம்மா எப்போதோ வெட்டித் தைத்துவிட்டிருந்தார். எங்களுக்குச் சேலை அனுப்பும் வியாபாரிகளின் தாளில் ‘பிளவுஸ்: யெஸ்’ என்று இருந்தது. நானும் அதை அப்படியே பக்கத்தில் ஏற்றியிருந்தேன்.

“போன்ல என்ன சொல்வீங்களோ, அதையே சொல்லுங்க” என்று விசைப்பலகையை இழுத்துக்கொண்டேன். அவர் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதினேன்: ‘தைத்த பிளவுஸ் வராது. சேலையின் கடைசியில் பிளவுஸ் துணி சேர்ந்தே இருக்கும். வெட்டித் தைத்துக்கொள்ளவும்.’ அந்த முனையை விரித்து, வெட்ட வேண்டிய இடத்தில் ஒரு கத்தரிக்கோலை வைத்துப் படமும் எடுத்து, எல்லாச் சேலைப் பக்கங்களிலும் போட்டேன்.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. “தையல் கடை மாதிரி இருக்கேம்மா.”

“மாசம் முடியட்டும் சார்.”

மாதம் முடிந்தது. திரும்பி வரும் சேலைகள் ஒரு மூலையில் அடங்கின. முதலாளி அந்த மூலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி, சேலை இருக்கட்டும்” என்றார்.

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை பொறுத்திருந்த அக்கா, போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“மேடம், சேலையோட கத்தரிக்கோலும் வருமான்னு கேக்கறாங்க. யெஸ்ஸா, நோவா?”

பட்டியலைத் திறந்து, பன்னிரண்டு என்று எண் போட்டேன்.