நான் நடத்திய குரங்குப் பாடம்

இரண்டு கண்ணாடிக் குடுவைகள், நடுவில் ஓர் அட்டை. புவனகிரியில் ஒரு பள்ளியில் நான் விலங்கியல் நடத்திய காலத்தில், அட்டெண்டர் அண்ணன் அந்த அட்டையை உருவும் நொடிக்காகவே பிள்ளைகள் காத்திருப்பார்கள். அட்டை போனதும் குடுவைக்கு ஒன்றாக இருந்த ஆண் ஃபைட்டர் மீன்கள் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் முட்டும். நான் ஆரம்பித்துவிடுவேன். இடத்துக்காகவும் இணைக்காகவும் சண்டை போட்டுப் பிழைத்த குரங்குகளின் வாரிசுகள் நாம், கோபம் நம் ரத்தத்தில் லட்சக்கணக்கான ஆண்டுகளாக ஊறியது என்பேன். அடேயப்பா, எத்தனை பெருமை எனக்கு! அதே குரங்குக் கூட்டம் சண்டைக்குப் பிறகு சமாதானமாவதையும், ஆளைப் பார்த்து அடங்கிப்போவதையும் சொல்வதற்குள் மணி அடித்துவிடும். மறுநாள் வேறு பாடம்.

அட்டெண்டர் அண்ணன் தங்கமான மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். தலைமையாசிரியர் பிள்ளைகள் முன்னாலேயே அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார். இவர் கையைக் கட்டிக்கொண்டு "சரிங்க சார்" என்று நிற்பார்.

ஒரு நாள் மதிய இடைவேளையில் அவர் மனைவி ஆய்வகத்துக்கு வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. "நீங்க சொன்னாதான் சார் கேப்பாரு. ஏன் அடிக்கிறன்னு கேட்டா உங்க பாடத்தத்தான் சொல்றாரு. ஆம்பள ரத்தமே அப்படித்தானாம்." அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பெண்ணுக்கும் பாடம் நடத்தினேன். ஆதிமனிதன், குரங்கு, வேட்டை, எல்லாம். "முழுக்க அவர் தப்புன்னு சொல்ல முடியாதும்மா" என்று வேறு சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஹெச்.எம். திட்டுறப்ப அந்தக் குரங்கு எங்க சார் போவுது? எங்கிட்ட மட்டும் வருதே" என்றார்.

"நான் அவர்கிட்ட பேசுறேம்மா" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு எழுந்தேன். பேசவில்லை. அடுத்தவர் குடும்ப விஷயம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். மறுவாரம் அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருப்பதாகத் தெரிந்தபோதும் போய்ப் பார்க்கவில்லை. அந்த வருடமே கடலூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கோழைத்தனம், வேறென்ன.

போன மாதம் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இப்போது தனியாக இருக்கிறாராம், ஒரு விடுதியில் சமையல் வேலை. நான் மென்று விழுங்கிப் பேச ஆரம்பித்ததும், "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க சார். அந்தக் காது அப்பவே போயிடுச்சி" என்றார். இடம் மாறி நின்றேன். பல வருடமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்த மன்னிப்பைச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

"அன்னிக்கி குமராட்சிக்கு, எங்கம்மா வூட்டுக்கே போயிடலாம்னு துணிமணியெல்லாம் பையில எடுத்துக்கிட்டுதான் சார் உங்ககிட்ட வந்தேன். நீங்க பேசுறேன்னு சொன்னீங்களா, அத நம்பித்தான் திரும்ப அவுரு வூட்டுக்குப் போனேன்."