கோட்டுப் போட்டுத்தான் ஆடுவாங்க

படக்குழுவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் ‘கறார் அக்கா’தான். தயாரிப்பு நிர்வாகி வேலை. ஒரு பட்டாளத்தையே ஊர்விட்டு ஊர் கொண்டுபோய், தங்க வைத்து, வேளாவேளைக்குச் சோறு போட்டு, கைகலப்பு இல்லாமல் திருப்பிக் கூட்டிவர வேண்டும். அவளிடம் யாருடைய ஜம்பமும் பலித்ததில்லை. கதாநாயகனே ஆனாலும், சொன்ன நேரத்துக்கு வரவில்லையென்றால் வண்டி அவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும்.

அந்தப் படத்தில் ஒரு பாட்டைப் பனி தேசத்தில், நடுக்குளிர்காலத்தில் எடுப்பதாக முடிவானது. அதைத் திட்டமிடத் தயாரிப்பாளரின் அறையில் உட்கார்ந்தார்கள். ஏ.சி.யிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு மூலையில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். இயக்குநர் இளவட்டம், முதல் படம் ஓடிவிட்ட தெம்பில் கால் தரையில் பாவாமல் நடந்துகொண்டிருந்தவர். மேஜை முழுக்கப் படங்களைப் பரப்பினார். உறைந்துபோன ஏரி. அதன்மேல் வெறுங்காலோடு கதாநாயகி, கையில்லாத மெல்லிய உடையில். பின்னால் அதே மாதிரி உடையில் நடனப் பெண்கள். நடுவில் கதாநாயகன், கழுத்திலிருந்து கணுக்கால்வரை கம்பளிக் கோட்டு.

அவள் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள்.

“ஏன் தம்பி, அங்க ஆம்பளைக்கு மட்டும்தான் குளிருமா?”

தயாரிப்பாளர் சிரித்துவிட்டார். இயக்குநர் சிரிக்கவில்லை.

“பாட்டு கனவுல வருதுக்கா. கனவுல குளிராது.”

“கனவு காண்றது நீங்க. ஏரி மேல நிக்கப்போறது அந்தப் பொண்ணுங்க. எல்லாருக்கும் கோட்டு, உள்ள கம்பளி, காலுக்கு பூட்ஸ். பக்கத்துலயே சூடு பண்ணின கூடாரம். இது இருந்தா டிக்கெட் போடறேன்.”

“ஃப்ரேமே கெட்டுப்போயிரும்க்கா. ரெண்டு நிமிஷ ஷாட்டுதானே. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னா முடிஞ்சுபோச்சு.”

அவள் குனிந்து இடது கால் ஷூவைக் கழற்றினாள். சாக்ஸையும் உருவினாள். காலைத் தூக்கி, அந்த ஏரிப் படங்களுக்கு நடுவே மேஜைமேல் வைத்தாள். சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் இல்லை. அந்த இடத்தில் தோல் மொழுமொழுவென்று மூடியிருந்தது.

“நானும் குரூப் டான்ஸரா இருந்தவதான். இப்படி ஒரு ஏரி மேலதான் ஆடினேன். எனக்கும் ரெண்டு நிமிஷம்னுதான் சொன்னாங்க. டேக் மேல டேக் போச்சு. ஷாட் ஓகே ஆகிற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். விரல் மரத்துச்சு, அப்புறம் கறுத்துச்சு, அப்புறம் வெட்டி எடுத்தாங்க. அந்தப் பாட்டை இன்னைக்கும் டி.வி.யில போடறாங்க. நான் எங்க நிக்கிறேன்னு எனக்கே தெரியாது, அவ்வளவு தூரத்துல நிக்க வெச்சிருந்தாங்க.”

தயாரிப்பாளர் அவள் காலுக்கடியில் இருந்த படங்களை உருவி எடுத்தார். “அது அந்தக் காலம்மா. கொஞ்சம் அனுசரிச்சுப் போ. இல்லன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்.”

“பாத்துக்குங்க சார்” என்று சொல்லி, ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போனாள். அவள் கணவர் அதே படத்தில் லைட்மேன். மனைவி வேலையை விட்டு வெளியே வந்ததை அலுவலகத்து டீக்காரர் வாயால் கேட்டிருந்தார்.

“ஊர் வம்பு உனக்கெதுக்கு? நாளைக்கு என்னையும் தூக்கிட்டா ரெண்டு பேரும் மூஞ்சியை மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.”

“தூக்கட்டும். உங்க மூஞ்சி ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் சில நாள் சரியாகப் பேசவில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. நடனப் பெண்கள் ஒத்திகை பார்க்கும் கூடத்துக்குப் போய், கண்ணாடிச் சுவர் முன்னால் அவர்களை உட்கார வைத்தாள். குளிர் எங்கே முதலில் பிடிக்கும், எப்போது வலிக்காமல் போகும், வலிக்காமல் போவதுதான் ஏன் ஆபத்து என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். “போங்கன்னும் சொல்லல, போகாதீங்கன்னும் சொல்லல. தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.” மறுநாள் புது நிர்வாகி பாஸ்போர்ட் கேட்டபோது, கோட்டு இல்லாமல் யாரும் வரமாட்டோம் என்று அந்தப் பெண்கள் ஒரே குரலாகச் சொல்லிவிட்டார்கள்.

இயக்குநர் அசரவில்லை. அந்த ஊரிலேயே ஆட்களைப் பிடித்துக்கொள்ளலாம், அவர்களுக்குக் குளிர் பழகியிருக்கும் என்றார். ஸ்பீக்கரில் போட்டு அந்த ஊர் ஏஜெண்டிடம் பேசினார்கள். விளக்குகளுக்குக் கணக்குக் காட்டப் போயிருந்த லைட்மேனும் அங்கே நின்று கேட்டார். வீட்டுக்கு வரும்போதே வாசலிலிருந்து சிரித்துக்கொண்டு வந்தார்.

“அந்த ஆள் என்ன சொன்னான் தெரியுமா? எங்க ஊர்ல அந்த மாசத்துல நாயைக்கூடச் சட்டை போடாம வெளிய கூட்டிட்டுப் போகமாட்டோம், உங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறான். இயக்குநர் முகத்தைப் பாக்கணுமே நீ.”

சாயங்காலம் தயாரிப்பாளரே போன் செய்தார். “வந்து தொலைம்மா. நீ கேட்டதெல்லாம் செஞ்சு தரேன்.”

“வரேன். ஒவ்வொரு பொண்ணுக்கும் கோட்டைப் போட்டுப் பாத்துட்டுத்தான் விமானம் ஏத்துவேன்.”

அப்படியே ஏற்றினாள். ஏரிக்கரையில் கூடாரம் கதகதவென்று இருந்தது. சிவப்புக் கோட்டில் பெண்கள் பனியில் இறங்கியபோது ஒளிப்பதிவாளருக்கே வாய் பிளந்தது. ஆனால் கடைசி நாள் இயக்குநருக்குப் பழைய ஆசை திரும்பியது. “ஒரே ஒரு ஷாட்க்கா. ஹீரோயின் மட்டும், கோட்டு இல்லாம. அவங்களே சரின்னுட்டாங்க.”

கதாநாயகி கூடார வாசலில் நின்று கோட்டின் பொத்தானைப் பிடித்திருந்தாள். சரி என்று சொன்ன முகமாகத் தெரியவில்லை. மாட்டேன் என்று சொல்லத் தைரியம் இல்லாத முகம்.

அக்கா நேராக நடந்துபோய்க் கேமராவுக்கு முன்னால் நின்றாள்.

“நகருங்கக்கா, வெளிச்சம் போகுது.”

“போகட்டும்.”

“இது என் படம்.”

“உங்க படம்தான். எடுங்க. நானும் வருவேன் அதுல.”

யாரும் அவளைத் தொட்டு நகர்த்தத் துணியவில்லை. கதாநாயகி பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு, கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தாள். இயக்குநர் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், திரும்பி நின்று பனியை உதைத்தார். அவள் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, மூச்சு புகையாகப் போக, நின்ற இடத்திலேயே நின்றாள். குளிர்காலத்தில் அந்த ஊரில் சூரியன் மத்தியானத்திலேயே சாயும். ஏரி சாம்பல் நிறமானதும் ஒளிப்பதிவாளர் லென்ஸை மூடினார்.

“பேக்கப்” என்று படப்பிடிப்பை முடித்தார் அவர். அதைச் சொல்ல வேண்டிய இயக்குநர் இன்னும் பனியை உதைத்துக்கொண்டிருந்தார்.