லோயர் துரைக்கு வைத்த பொட்டு

தோட்டத் தொழிலாளர் லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் தொங்கினார். நரைத்த கிருதா, கழுத்துவரை பொத்தான், யாரையும் நம்பாத பார்வை. அப்பா தோட்டத்துப் பங்களாவில் சமையல்காரர். புதிதாக வந்த துரை பழைய சாமான்களை வெளியே போடச் சொன்னபோது, பிரேம் தேக்கு என்பதற்காக அப்பா அந்தப் பழங்காலப் போட்டோவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே இருந்த மனிதர் கூடவே வந்தார், அவ்வளவுதான்.

படத்தின் அடியில் இரண்டு வரி இங்கிலீஷ் இருந்தது. கணக்கப்பிள்ளை அதை வாசித்துவிட்டு, "இவரு பெரிய லோயருங்க, வக்கீலு. ஆமிக்காரன், பட்டாளத்துக்காரன் தப்பு செஞ்சா அவன எப்படி விசாரிக்கணும்னு சட்டம் எழுதினவரு" என்றார். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு லோயர் துரை.

வெள்ளிக்கிழமைகளில் படங்களைத் துடைத்துப் பொட்டு வைப்பது என் வேலை. எனக்கு அப்போது ஏழு வயது. சாமிக்கும் செத்துப்போனவர்களுக்கும்தான் பொட்டு வைப்பார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. படம் என்றால் பொட்டு. லோயர் துரையின் நெற்றிக்கு நேராகக் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைப்பேன்.

எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி, அதைப் பார்த்துச் சிரிப்பார். "பொட்டு கோணலா இருக்கு பாரு. துரை கோவிச்சுக்கிட்டு சீமைக்குப் போயிறப் போறாரு" என்பார். நான் அழித்துவிட்டு மறுபடி வைப்பேன். மாமாவை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

நாட்டில் சண்டை நடந்த வருஷங்கள் அவை. ஒரு நாள் ரப்பர் பால் வெட்டு முடிந்ததும் மாமா சாமான் வாங்க எஹலியகொடை டவுனுக்குப் போனார். பஸ் நிற்கும் இடத்தில் ஜீப்பில் வந்த சிலர் அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டதாகக் அங்கே கடை வைத்திருந்த முஸ்லிம் நானா வந்து சொன்னார். யார், எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் அம்மா லோயர் துரையை ஆணியிலிருந்து கழற்றினார்.

"இவரு எழுதினத ஆமிக்காரங்க மீற முடியுமா? கொண்டுபோய்க் காட்டுவோங்க."

அப்பா படத்தைப் பழைய சேலையில் சுற்றினார். பஸ்ஸில் நான்தான் அதை மடியில் வைத்திருந்தேன்.

ஆமி முகாமில் ஒரு அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். அப்பா சிங்களத்தில், ஐயா என்பதற்கு மாத்தயா மாத்தயா என்று எல்லாவற்றையும் சொல்லி, சேலையைப் பிரித்தார். அவசரத்தில் பொட்டை யாரும் துடைத்திருக்கவில்லை. அதிகாரி சிரிக்கவில்லை. அடியில் இருந்த வரிகளை நிதானமாக வாசித்து, இவரைப் பற்றிப் பயிற்சியில் படித்திருக்கிறேன் என்றார். அப்பாவின் முகம் தெளிந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நான் நினைத்தேன்.

உங்கள் மச்சான் இங்கே இல்லை, விசாரித்துப் பார்க்கிறேன், அவருடைய போட்டோ ஒன்று கொடுங்கள் என்றார் அதிகாரி.

அப்பா அம்மாவைப் பார்த்தார். மாமாவின் அடையாள அட்டை அவர் சட்டைப் பையோடு போய்விட்டது. வீட்டில் இருந்தது அம்மாவின் கல்யாணப் படம் ஒன்றுதான். அதில் மாமா சின்னப் பையன், பாதி முகத்தைப் பந்தல்கால் மறைத்திருக்கும். யாரோ ஒரு சீமைக்காரரை வாரம் தவறாமல் துடைத்து வைத்திருந்தோம், மாமாவுக்கு ஒரு படம் இல்லை. அந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா லோயர் துரையைப் பிரேமிலிருந்து உருவி டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்டார். வெறும் கண்ணாடியோடு பிரேமைத் திரும்ப மாட்டினார்.

"அவன் வந்ததும் ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு போட்டோ புடிச்சு இதுல போடணும்" என்றார்.

பிரேம் அதே ஆணியில்தான் இருக்கிறது. இன்னும் ஒரு படமும் போடவில்லை.

முகாமுக்குப் போய் வந்த அடுத்த வெள்ளிக்கிழமை நான் எல்லாப் படங்களையும் துடைத்தேன். மாமாவுக்கென்று மாட்டிய வெறும் கண்ணாடியைக் கடைசியாக, கூடுதல் கவனத்தோடு துடைத்தேன். மாமா வந்து குறை சொல்லக் கூடாது என்று அளந்து பார்த்து, நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன்.

அதுவரை என்மேல் கை வைக்காத அம்மா, கன்னத்தில் அறைந்தார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். பொட்டு முழுக்கப் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கோணலா இல்லம்மா, நேராத்தான் வச்சேன்" என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதேன்.