கழுதைமுள்ளிப் புதர்

காலையில் பால்கனிக் கதவைத் திறந்ததும் சேறும் நசுங்கிய பச்சிலையும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. படூரில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், உப்பங்கழிக் கரையில் இருந்த கழுதைமுள்ளிப் புதரை ஜேசிபி வாரிக்கொண்டிருந்தது. நடைபாதை போடப்போகிறார்களாம். நடக்க இவர்களுக்கு வேறு இடமா இல்லை?

சின்ன வயதில், புதுப்பட்டினத்தில் அம்மா இறால் தடவும்போது இதே வாடைதான் வரும். கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்து, கழுதைமுள்ளியின் முள் இலைகளுக்கு அடியில் இரு கைகளாலும் துழாவுவாள். பேச முடியாததால் எங்களைக் கண்ணாலேயே திட்டுவாள். தலைக்கு மேல் ஊதாப் பூக்களில் தேன்சிட்டுகள் தொங்கும்.

ஒருநாள் தோணிக்கு வழி வேண்டுமென்று மாமா கத்தியோடு புதரில் இறங்கினார். அம்மா கூடையை வாயிலிருந்து எடுத்தாள்.

“டேய், எறாக்குஞ்சு ஒளியற எடம்டா அது. இத்த வெட்டிட்டு இன்னாத்த துன்னுவ, சேத்தயா?”

“முள்ளு குத்துதுக்கா.”

“குத்தட்டும். அது குத்தறதாலதான் பெரிய மீனு உள்ள பூந்து குஞ்ச துன்னாம கீது. சுத்திக்கினு போ!”

மாமா முணுமுணுத்துக்கொண்டே தோணியைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போனார்.

பால்கனியில் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. கீழே இறங்கிப்போய்க் கைத்தடியால் ஜேசிபியின் கதவில் அடித்தேன்.

“யாரைக் கேட்டு வெட்டுறீங்க?”

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஓடிவந்தார். “சார், போன வாரக் கூட்டத்துல நீங்களும்தானே கை தூக்கினீங்க?”

தூக்கினேன். பாம்பு வரும் என்றார்கள், எல்லோரும் தூக்கினார்கள். அத்தனை பேர் நடுவில், என் அம்மா இதேபோல் ஒரு சேற்றில் இறால் தடவி என்னைப் படிக்கவைத்தவள் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.