உயிரோடு இருக்கிற வீட்டில் ஒப்பாரி

தோசைக்கரண்டி வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கப் போனேன், கை வரவில்லை. கணவரைக் கூப்பிட்டேன். "ம்ம்மா" என்று மட்டும் வந்தது.

பக்கவாதம். தர்மபுரி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். பேச்சு போய்விட்டது. அஃபேசியா (எல்லாம் புரியும், சொல் வராது) என்றார் டாக்டர்.

பேச்சுப் பயிற்சி தந்த பெண், "தெரிஞ்ச பாட்டு எதாவது பாடுங்கக்கா" என்றாள். சினிமாப் பாட்டு வரவில்லை. சாமிப் பாட்டும் வரவில்லை. ஒப்பாரி வந்தது. நான் சித்தேரி மலைக்காரி. கணவரும்தான். அவருக்கு அரூரில் ஆபீஸ் வேலை கிடைத்ததும் இருவரும் மலைப் பாட்டை மறைத்தோம். என் அம்மா செத்தபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. அரூரிலிருந்து அவருடைய ஆபீஸ்காரர்கள் வந்திருந்தார்கள்.

"அந்த இழுப்புலயே வேணுங்கறதக் கேளுங்கக்கா. பாட்டுக்கு மூளையில வேற பக்கம்" என்றாள் அந்தப் பெண்.

வீட்டில் ஒப்பாரி இழுப்பில் தண்ணீர் கேட்டேன். தெருவே ஓடிவந்தது. எதிர்வீட்டம்மா வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு, "முருகேசன் சார் எப்பங்க போனாரு?" என்றார்.

கணவர் துண்டோடு வெளியே வந்தார். "எங்கயும் போவலீங்க. குளிச்சிட்டிருந்தேன்."

கதவைச் சாத்திவிட்டு என்னிடம், "உசுரோட இருக்கிற வூட்ல ஒப்பாரி வெப்பியா? இனிமே வாயத் தொறக்காத" என்றார்.

திறக்கவில்லை. பயிற்சிக்கும் அவர் கூட்டிப்போகவில்லை. மூன்று வாரம். பயிற்சியில் திரும்பி வந்திருந்த பத்துப் பன்னிரண்டு சொற்களும் போயின. முதல் சில மாதங்களில்தான் மூளை வேகமாகத் திரும்பக் கற்கும் என்று டாக்டர் அவரிடம்தான் சொல்லியிருந்தார்.

அண்ணன் வந்து என்னை மலைக்குக் கூட்டிப்போனார். அங்கேயும் பெண்கள் தயங்கினார்கள். சாவு விழாமல் ஒப்பாரி பாடக் கூடாது. அண்ணிதான், "அத்தைக்கு இவ அழவே இல்லயே. இப்ப அழுவட்டும். யாரு கேக்கறது?" என்றாள். என்னைச் சுற்றி உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் ஒரு அடி பாட, நான் ஒரு அடி பாடினேன். நான்காம் நாள், "அம்மா, நா வந்துட்டேன்" என்று ஒரு வாக்கியம் முழுதாக வந்தது.

உங்களுக்கும் இப்படி ஆனால், எந்தப் பாட்டில் சொல் வருகிறதோ அதைப் பாடுங்கள். சாவுப் பாட்டானாலும் சரி. வீட்டார் வெட்கப்பட்டால் படட்டும். பாட்டு எல்லாவற்றையும் தரும் என்று பொய் சொல்ல மாட்டேன். என் வலது கை வேறு யாருடையதோ போலத் தொங்குகிறது. இதை இடது கையால் எழுதுகிறேன்.

கணவர் ஞாயிறுதோறும் மலைக்கு வருகிறார். போன வாரம் கிளம்பும்போது ஒன்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவரே முடிக்கப் பார்த்தார். கையை நீட்டித் தடுத்தேன். கீழே பஸ் ஹாரன் அடித்தது, போய்விட்டது. அவர் நின்றார். நான் சொல்லி முடித்தேன்.

"அந்த மூணு வாரத்தத் திருப்பிக் குடுங்க."