நான் தலைமைப் பண்பு கற்ற இரண்டாம் நாள்

கண்ணை மூடிக்கொண்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, பின்பக்கமாக விழ வேண்டும். பின்னால் நிற்பவர் தாங்கிக்கொள்வார். தொண்ணூறுகளின் நடுவில், மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலின் ஏ.சி. கூடத்தில், எண்பத்தாறு கிலோ எடையுள்ள நான் அப்படி ஓர் ஆடிட்டரின் மேல் விழுந்தேன். பரஸ்பர நம்பிக்கையை வளர்க்கும் பயிற்சியாம். ஆடிட்டருக்கு என்ன வளர்ந்ததோ தெரியாது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்பிக்கொண்டிருந்தபோதுதான் ரிசப்ஷன் பெண் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தாள்.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே, மருந்துக் கடை மாடியில் இருந்தது எங்கள் வக்கீல் ஆபீஸ். மூன்று பார்ட்னர்கள். ஜூனியர்களை மேய்க்கும் பொறுப்பு என்னுடையது. கேஸ் கட்டைப் படிப்பது, மனு எழுதுவது, கட்சிக்காரரின் புலம்பலைக் கேட்பது எல்லாம் ஜூனியரின் வேலை. கோர்ட்டில் பேசுவது மட்டும் எங்கள் வேலை. நாங்கள் வந்து சேராவிட்டால் ஜூனியர் எழுந்து ‘பாஸ் ஓவர்’ கேட்க வேண்டும். மற்ற வழக்குகளை முடித்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள் என்று அர்த்தம். அதுவும் பலிக்காவிட்டால் வேறு தேதிக்கு வாய்தா. பார்ட்னர் அனுமதி இல்லாமல் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது ஆபீஸ் விதி. விதியை எழுதியவன் நான். இப்படி ஓர் ஆபீசில் ஜூனியர்கள் ஏன் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்குவதில்லை என்று எங்களுக்குப் புரியவே இல்லை. அதைப் புரிந்துகொண்டு வரத்தான் மற்ற இரண்டு பார்ட்னர்களும் என்னை அந்த வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள்.

தங்கியவர் ஒருவர் உண்டு. சேலையூரில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகள். எங்களிடம் ஐந்தாம் வருஷம். ஊரப்பாக்கத்துப் பெரியவர் ஒருவரின் வழக்கை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவருக்கு ஒன்றரை ஏக்கரும் ஒரு கிணறும். பக்கத்து நிலத்தை வாங்கி மனை போட்டவர்கள், கிணறு இருக்கும் துண்டும் தங்களுடையது, அதன் மேல் ரோடு வரும் என்றார்கள். இடைக்காலத் தடை வாங்கிக் கிணற்றைக் காப்பாற்றி வைத்திருந்தோம். வைத்திருந்தோம் என்று பன்மையில் சொல்வது தொழில் பழக்கம். வெயிலில் நின்று டேப் பிடித்து அளந்ததும், பழைய பத்திரங்களைத் தேடி எடுத்ததும் அந்த ஜூனியர். நான் அந்தக் கிணற்றைப் பார்த்ததுகூட இல்லை.

பெரியவர் ஆபீசுக்கு வந்தால் என் அறை வாசலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே ஜூனியர் மேஜைக்குப் போய்விடுவார். “வக்கீலம்மா, கெணறு தப்பிச்சுக்கும்ல?” ஒருநாள் என்னிடமே சொன்னார்: “இந்தம்மாவே பேசிட்டா போதும் சார். நீ எதுக்கு வெயில்ல அல்லாடிக்கினு?” நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஒரு வாரம் வலித்தது.

தடையை நீக்கச் சொல்லி எதிர்த்தரப்பு போட்ட மனு, என் வகுப்பின் இரண்டாம் நாள் செங்கல்பட்டு கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. வாய்தாதானே, ஜூனியர் வாங்கிக்கொள்வார் என்று இருந்தேன். கோர்ட் வாசல் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவர் சொல்லச் சொல்ல ரிசப்ஷன் பெண் எழுதிய சீட்டுதான் என் கைக்கு வந்தது. “பாஸ் ஓவர் முடிந்தது. இரண்டேகாலுக்கு மறுபடி கூப்பிடுவார்கள். நீதிபதி வாய்தா தருவார் என்று தோன்றவில்லை. நானே பேசட்டுமா? லைனில் இருக்கிறேன்.”

அன்று காலை முழுவதும் பயிற்சியாளர் பேசியது, கீழே இருப்பவர்களுக்குப் பொறுப்பைப் பகிர்ந்து கொடுப்பது பற்றி. அதை நோட்டில் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தேன். டெலிபோன் இருபதடி தூரத்தில் இருந்தது. போகவில்லை. சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: “வழக்கைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம். வாய்தா மட்டும் கேட்கவும்.” அவர் தோற்றுவிடுவார் என்று நான் பயப்படவில்லை. ஜெயித்துவிடுவார் என்றுதான் பயந்தேன். பிறகு சாப்பிடப் போனேன். அன்று பஃபே.

மதியம் நடந்ததை எதிர்த்தரப்பு வக்கீல் பின்னால் ஒருநாள் சொன்னார். “கட்டு உங்க கையிலதானே இருக்கு? நீங்களே சொல்லுங்கம்மா,” என்று நீதிபதி கேட்டிருக்கிறார். மூன்று முறை கேட்டிருக்கிறார். “சீனியர்தான் பேசணும், யுவர் ஆனர்,” என்று மூன்று முறையும் இவர் சொல்லியிருக்கிறார். “அந்தப் பொண்ணு வாயத் தொறந்திருந்தா நான் காலி சார்,” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். தடை நீங்கியது. மறுநாள் விடிந்ததும் லாரிகளில் மண் வந்தது. தடையை மேல்முறையீட்டில் மீட்கலாம். மூடிய கிணற்றை எந்தக் கோர்ட்டில் மீட்பது?

பெரியவர் அன்றே தாம்பரம் வந்தார். முதல்முறையாக நேராக என் அறைக்கு வந்தார். ஜூனியர் கட்டோடு பக்கத்தில் நின்றார்.

“இன்னா சார் ஆச்சு?”

“சின்னப் பொண்ணு, பதறிட்டாங்க. எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா ஓடி வந்திருப்பேன்.”

பெரியவர் அவர் பக்கம் திரும்பினார். “ஏம்மா, ஒரு போனு போட்டிருக்கக் கூடாதா?”

ஜூனியர் என்னைப் பார்த்தார். மறுக்கப் போகிறார் என்று நினைத்து, அதற்கும் ஒரு பதிலைத் தயார் செய்தேன். வக்கீல் அல்லவா.

“தப்புதான் ஐயா,” என்றார் பெரியவரிடம்.

பெரியவர் திரும்பி நடந்தார். படி இறங்கும்போது, யாரிடம் என்றில்லாமல், “என் அப்பன் வெட்னது,” என்றார்.

வார முடிவில் ஜூனியர் மேஜையைக் காலி செய்தார். என் அறைக்கு வந்து, “சார், அந்த கோர்ஸ்ல சர்டிபிகேட் எதாவது குடுத்தாங்களா?” என்று கேட்டார்.

“குடுத்தாங்க.”

“ஃப்ரேம் போட்டுடுங்க சார். கரையான் அரிச்சிடும்.”

ஃப்ரேம் போட்டேன். அதைப் பார்த்தவர்கள் பேசக் கூப்பிட்டார்கள். கோர்ட்டில் பெயர் வாங்காத நான் வகுப்பில் வாங்கிவிட்டேன். இப்போது இளம் வக்கீல்களுக்குத் தலைமைப் பண்பு சொல்லிக் கொடுக்கிறேன். நகைச்சுவையாகப் பேசுகிறேனாம். அந்த ஊரப்பாக்கம் கேஸையும் சொல்வதுண்டு, பதறிப்போன ஒரு ஜூனியரின் கதையாக. போன மாதம் ஒரு பெண் எழுந்து, “அந்த ஜூனியரை நீங்க எப்படி ஹேண்டில் பண்ணீங்க சார்?” என்று கேட்டாள்.

“கட்சிக்காரர் எதிரில் விட்டுக்கொடுக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன்,” என்றேன்.

எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெண் அடிக்கோடும் போட்டாள்.